வால் முளைக்காத புரதம்

கணினித் திரையில் அந்த ஆறு எழுத்துகளைப் பார்த்ததுமே மேகலாவுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவை அவள் போட்டவை. இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதே மேசையில் உட்கார்ந்து அவள் கையாலேயே தட்டியவை.

ஓசூர் சிப்காட்டில், பின்பக்கம் தைலமரங்கள் நிற்கும் ஒரு சிறிய கம்பெனியில் மேகலா பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். சொந்த ஊர் மத்தூர். எம்.எஸ்சி. முடித்த கையோடு சேர்ந்தவள். பேரிகை, இராயக்கோட்டைப் பக்கம் தக்காளி போடுகிறவர்கள் காய்ப்புழுவுக்குப் பயந்து வாரம் இரண்டு முறை மருந்தடிக்கிறார்கள். அந்த மருந்துக்குப் பதிலாக வேறொன்றைக் கொண்டுவருவதுதான் கம்பெனியின் வேலை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா ஒரு நச்சுப் புரதத்தைச் செய்கிறது. புழு அதைத் தின்றால் அதன் குடலில் ஓட்டை விழுந்து செத்துவிடும். மனிதருக்கோ மாட்டுக்கோ ஒன்றும் ஆகாது. அந்தப் புரதத்துக்கான ஜீனைக் கணினியில் எழுதி, வெளியிலிருந்து செய்து வாங்கி, ஆய்வகத்துப் பாக்டீரியாவுக்குள் வைத்து, புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும்.

பிரித்தெடுப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. புரதத்தின் ஒரு முனையில் ஒரு சிறிய வாலை ஒட்டும்படி ஜீனை எழுதிவிட்டால், அந்த வால் நிக்கல் பூசிய மணிகளைப் பிடித்துக்கொள்ளும். மற்றதெல்லாம் கழுவப்பட்டுப் போய்விடும். அதே வாலை வைத்து, புரதம் இலைமேல் எத்தனை நாள் நிற்கிறது, புழுவின் வயிற்றில் என்ன ஆகிறது என்றும் தேடிப் பார்க்கலாம். பேச்சு வழக்கில் அவர்கள் அதை டேக் என்பார்கள். மேகலா மட்டும் வால் என்பாள். போகப்போக எல்லாருக்கும் அதுவே வந்துவிட்டது.

முதல் ஜீனை எழுதியது மேகலாதான். வாலைப் புரதத்தின் தலைப்பக்கம் வைத்தாள். புரதம் அருமையாகப் பிரிந்து வந்தது. ஆனால் புழுவின் குடல்நீரில் போட்டதும் வால் காணாமல் போனது. எட்டு மாதம் அவள் தேடும் முறையில்தான் கோளாறு என்று நினைத்து அதையே மாற்றி மாற்றிப் பார்த்தாள். கடைசியில் நிர்வாகி மாதேஸ்வரன், "பரவால்ல மேகலா, கொஞ்ச நாள் இத ஓரமா வெப்போம்" என்றார். அதற்குப் பிறகு, சோதனைக்காகப் புழு வளர்க்கும் அறையே அவளுக்கு நிரந்தரமானது.

போன ஆடியில் நிகத் வந்தாள். கிருஷ்ணகிரியில் மாம்பழ மண்டி வைத்திருக்கும் அப்துல் சலாமின் மகள். பெங்களூரில் டாக்டர் பட்டம் வாங்கியவள். இருபத்தெட்டு வயது. முதல் வாரமே நடந்த கூட்டத்தில் மேகலாவின் பழைய முடிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ப் பலகையில் ஒரு கோடு போட்டாள்.

"இதான் புரோட்டீன். புழு வயித்துக்குள்ள போனதும் அங்க இருக்குற என்சைம் மொதல்ல தலைய நறுக்கிரும். அப்பதான் விஷமே வேலை செய்யும். வால் தலையில இருந்தா அதும் கூடவே போயிரும். மேடம் பண்ணதுல எதுவும் தப்பில்ல, வால் மட்டும் எடம் மாறணும். கடைசில வெச்சா நிக்கும்."

ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. மாதேஸ்வரன் பலகையைப் பார்த்தபடி மெல்லத் தலையசைத்தார். அவருடைய முகத்தில் வந்த வெளிச்சத்தை மேகலா பார்த்தாள். பதினொரு வருடத்தில் அந்த வெளிச்சம் அவளுக்காக ஒருமுறைகூட வந்ததில்லை.

அன்றிலிருந்து நிகத் செய்வதெல்லாம் அவளுக்கு உறுத்தியது. மாதேஸ்வரனிடம் அவள் கன்னடத்தில் சரளமாகப் பேசிச் சிரிப்பது. சாப்பாட்டு நேரத்தில் தன் டப்பாவைத் திறந்து நேராக மேகலாவின் பக்கம் நகர்த்துவது. ஒரு மாதத்திலேயே 'மேடம்' போய் 'அக்கா' வந்தது. புழு அறையில் வேலை செய்யும் வெங்கடம்மா, "அந்தப் பொண்ணு மனசு தங்கம் மேடம்" என்று ஒருநாள் சொன்னபோது, மேகலா கையிலிருந்த கிண்ணத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். நிகத்திடம் ஒரு குறை கிடைத்திருந்தால் அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். கிடைக்கவில்லை.

இப்போது அது திரையில் இருந்தது.

நிகத் புதிதாக எதையும் எழுதத் தொடங்கவில்லை. மேகலாவின் பழைய ஜீனையே எடுத்து, தலையிலிருந்த வாலை வெட்டி, கடைசியில் ஒட்டியிருந்தாள். ஜீனின் எழுத்துகளைச் செல் மூன்று மூன்றாகப் படிக்கும். அதில் சில மூன்றெழுத்துகளுக்கு 'இத்தோடு நிறுத்து' என்று பொருள். புரதம் முடிகிற இடத்தில் அதை வைக்க வேண்டும். மேகலா எப்போதும் ஒன்றுக்கு இரண்டாக, டிஏஏ, டிஜிஏ என்று அடுத்தடுத்து வைப்பாள். அது அவளுடைய வழக்கம். வால் தலையில் இருந்தபோது அந்த நிறுத்தம் கடைசியில் இருந்தது சரி. நிகத் அதை எடுக்க மறந்து, அதற்குப் பின்னால் வாலை ஒட்டிவிட்டாள். செல் படித்துக்கொண்டே வந்து நிறுத்தத்தில் நின்றுவிடும். வால் வரைக்கும் போகவே போகாது. புரதம் வால் இல்லாமல்தான் பிறக்கும்.

ஆர்டர் போவதற்கு முன்னால் இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கம்பெனி விதி. மாதேஸ்வரன் மேகலாவைச் சொல்லியிருந்தார்.

"ரெண்டு நாள் டைம் எடுத்துக்கங்க அக்கா," என்று, ஜீனை அச்செடுத்த கையெழுத்துக் காகிதத்தை நீட்டியபோது நிகத் சொன்னாள். "நீங்க எழுதுன ஜீன்தான. உங்க கண்ணுக்குத் தப்பு எதுவும் தப்பாது."

அந்த இரண்டு நாளும் மேகலா காகிதத்தைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாகலூர் ரோட்டிலிருந்த வீட்டுக்கும் கம்பெனிக்கும் போய்வந்தாள். சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு காலையிலும் நினைத்தாள். சொன்னால் நிகத் என்ன செய்வாள் என்பதும் தெரிந்திருந்தது. சிரிப்பாள். "ஐயோ அக்கா, நல்லவேளை" என்பாள். மாதேஸ்வரனிடம் போய் மேகலா அக்காதான் கண்டுபிடித்தார் என்று அவளே சொல்வாள். அதற்கும் அவளுக்குத்தான் நல்ல பெயர் வரும். ஜீன் வேலை செய்யும். ஆய்வுக் கட்டுரையில் முதல் பெயர் நிகத்துடையதாக இருக்கும்.

இரண்டாம் நாள் மாலை, கம்பெனி பஸ் கிளம்புவதற்கு முன்னால், மேகலா 'சரிபார்த்தவர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

ஜீன் வந்துசேர ஐந்து வாரமானது. நிகத் அதைப் பாக்டீரியாவுக்குள் ஏற்றினாள். புரதம் தளதளவென்று விளைந்தது. சோதனையில் சரியான எடையில் தடித்த பட்டையாகத் தெரிந்தது. வாலின் எடை மிகச் சிறியது என்பதால் அது இருப்பதும் இல்லாததும் அந்தச் சோதனையில் தெரியாது. நிகத் அந்தப் படத்தைக் கைப்பேசியில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். மேகலாவும் பார்த்து, "நல்லா வந்துருக்கு" என்றாள்.

அதற்கு மறுநாள்தான் அவள் காத்திருந்தது தொடங்கியது. நிக்கல் மணிகள் புரதத்தைப் பிடிக்கவில்லை. ஊற்றியதெல்லாம் அப்படியே வழிந்து வெளியே வந்தது. நிகத் புது மணிகள் போட்டாள். உப்பை மாற்றினாள். மூன்றாம் நாள் அவளுடைய முகத்தில் குழப்பம் வந்தது. நான்காம் நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவில்லை. பக்கத்து மேசையிலிருந்து மேகலா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் இரண்டு நாள் அவளுக்குள் ஓர் இனிப்பு இருந்தது. வீட்டில் அவள் பாட்டு முணுமுணுத்துக்கொண்டே சமைத்ததைக் கணவன் மணிவேல்கூடக் கவனித்து, "என்னா விசேஷம், இன்க்ரிமெண்டா?" என்று கேட்டான்.

ஐந்தாம் நாள் நிகத் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் புரியல. வால் உள்பக்கமா மடிஞ்சி ஒளிஞ்சிருக்குமோ?"

மேகலா நிமிர்ந்து பார்த்தாள். நிகத்தின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது.

"இருக்கலாம்," என்றாள் மேகலா. "யூரியா போட்டு அந்த மடிப்பப் பிரிச்சிப் பாரேன்."

அவளுடைய வாயிலிருந்து அது அவ்வளவு இயல்பாக வந்தது அவளுக்கே திடுக்கென்றது. கையெழுத்தாவது வெறும் மௌனம். இது வழி தெரிந்தவள் வேண்டுமென்றே வேறு வழியைக் காட்டுவது. நிகத் "கரெக்ட்தாங்க்கா" என்று எழுந்துபோய், அடுத்த மூன்று நாள் யூரியாவோடு போராடினாள். அந்த மூன்று நாளும் மேகலாவுக்கு இனிப்பு இல்லை. ஆனால் அவள் எழுந்து போகவும் இல்லை.

அவள் புழு அறையிலேயே நேரத்தைப் போக்கினாள். காய்ப்புழுக்களை ஒன்றாக விட்டால் ஒன்றையொன்று கடித்துத் தின்றுவிடும். அதனால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கிண்ணம் வைத்து, கொண்டைக்கடலை மாவில் செய்த தீனி போட வேண்டும். வெங்கடம்மா அதில் தேர்ந்தவள். நிகத் செய்த புரதத்தை, பிரிக்காமல் அப்படியே, ஐம்பது கிண்ணங்களில் தீனியோடு கலந்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் நாற்பத்தாறு புழுக்கள் கறுத்துச் சுருண்டு கிடந்தன.

"மருந்து நல்லாத்தான மேடம் கேக்குது," என்றாள் வெங்கடம்மா. "அப்பறம் எதுக்கு அந்தப் பொண்ணு மூஞ்சி வாடிக் கெடக்குது?"

"செத்தா மட்டும் போதாது. எதனால செத்திச்சின்னு காட்டணும்," என்றாள் மேகலா.

எட்டாம் நாள் நிகத் கண்டுபிடித்தாள். வந்த ஜீனை வெளியே அனுப்பி அதன் எழுத்துகளைப் படித்து வாங்கியதில் எல்லாம் ஆர்டர்போலவே இருந்தது. அதனால் ஆர்டரையே எழுத்தெழுத்தாகப் படிக்க உட்கார்ந்திருக்கிறாள். பதினோரு மணிக்கு அவள் எழுந்து வந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"நிறுத்தத்த எடுக்கலக்கா," என்றாள். "நான்தான். பழசுல இருந்து எடுத்தப்ப விட்டுட்டன்."

மேகலா "அப்பிடியா" என்றாள்.

அன்று மத்தியானம் மாதேஸ்வரன் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். கோபமாக இல்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. காகிதத்திலிருந்த கையெழுத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகப் பேசினார்.

"மேகலா, உங்கள நான் கொறை சொல்லல. புழு வளக்கறதுல உங்கள மாதிரி ஆள் இந்தப் பக்கத்துலயே கெடையாது. ஆனா டிசைன் பாக்கறது வேற வேலை. அது உங்களுக்குப் பழக்கமில்லாதது. அத உங்ககிட்ட குடுத்தது என் தப்பு. இனிமே பெங்களூர்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தருக்கு அனுப்பிரலாம். அவர் பாத்துருவாரு."

மேகலாவின் காது சூடானது.

"சார், அக்கா மேல தப்பில்ல," என்று நிகத் குறுக்கிட்டாள். "நான்தான் அவசரப்படுத்தினன். பஸ்ஸுக்கு நேரமாச்சி, பத்து நிமிஷத்துல பாத்துக் குடுங்கன்னு கேட்டன். அவ்ளோ வேகமா யாரு பாத்தாலும் தெரியாது."

அது பொய். அவளுக்காகச் சொல்லப்பட்ட பொய். மேகலா அதைப் பிடித்துக்கொண்டு வெளியே போயிருக்கலாம். ஆனால் போயிருந்தால், நிறுத்தம் எதுவென்றே தெரியாத, புழுவுக்குத் தீனி போட மட்டும் லாயக்கான பெண் என்ற பெயரோடுதான் அந்தக் கதவைத் தாண்டியிருக்க முடியும். நிகத் அதற்கு மேலே இரக்கத்தையும் போர்த்திவிட்டாள்.

"ரெண்டு நாள் இருந்திச்சி சார்," என்றாள் மேகலா. "பத்து நிமிஷம் இல்ல."

மாதேஸ்வரன் நிமிர்ந்தார்.

"நான் பாத்தன். மொதல் நாளே பாத்தன். அந்த டிஏஏ டிஜிஏ நான் போட்டது. ரெண்டா போடறது என் வழக்கம். வால் கடைசிக்கு வந்தா அத எடுக்கணும்னு எனக்குத் தெரியாதா? பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டன்."

அவள் சொன்னது வருத்தப்பட்டு அல்ல. எனக்குத் தெரியும் என்று காட்டிக்கொள்ளத்தான். சொல்லி முடித்த பிறகுதான், தான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது.

"ஏன்?" என்றார் மாதேஸ்வரன்.

சொல்லவேண்டிய சொல் ஒன்றுதான் இருந்தது. அதை வாயால் சொல்ல மேகலாவால் முடியவில்லை.

நிகத் மேசைமேலிருந்த தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் பேசியபோது குரல் உயரவில்லை.

"எட்டு நாள். பக்கத்து டேபிள்ல இருந்தீங்க. யூரியா போட்டுப் பாருன்னு சொன்னீங்க."

"சொன்னன்."

"நான் அத நம்பினன்."

அவள் எழுந்து வெளியே போனாள். மாதேஸ்வரன் காகிதத்தை மடித்து ஓரமாக வைத்தார். "உங்கள அனுப்பறதுன்னா இன்னிக்கே அனுப்பலாம்," என்றார். "ஆனா இத நீங்களா சொன்னீங்க. சொல்லலன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது. ஆறு மாசத்துக்கு நீங்க எதுலயும் கையெழுத்துப் போட வேணாம். இப்ப இத எப்பிடிச் சரிபண்றதுன்னு சொல்லுங்க. திரும்ப ஆர்டர் போட்டா இன்னொரு அஞ்சு வாரம் போயிரும்."

"வேணாம் சார். ஜீன் முழுசும் நல்லாத்தான் இருக்குது. அந்த ஆறு எழுத்த மட்டும் எடுத்தாப் போதும். ரெண்டு சின்ன டிஎன்ஏ துண்டு வாங்கினா நம்ம மெஷின்லயே எடுத்துரலாம். பத்து நாள்."

"எவ்ளோ நாளா இது உங்களுக்குத் தெரியும்?"

"கையெழுத்துப் போட்ட அன்னிக்கே," என்றாள் மேகலா.

அந்தப் பத்து நாளும் இரண்டு பேரும் ஒரே மேசையில் வேலை செய்தார்கள். நிகத் மறுபடியும் 'மேடம்' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். வேலைக்கு வேண்டியதை மட்டும் பேசினாள். சாப்பாட்டு டப்பாவை வெங்கடம்மாவோடு போய்ப் பகிர்ந்துகொண்டாள். மேகலா தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். கம்பெனியில் யாரும் எதுவும் கேட்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. வீட்டில் மணிவேலிடம் ஒருநாள் முழுக்கதையையும் சொன்னாள். அவன் தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் இப்படி நடந்ததாக எதையும் சொல்லித் தேற்றவில்லை. "அந்தப் பொண்ணு ஒனக்கு என்னா பண்ணிச்சி?" என்று மட்டும் கேட்டான். "ஒண்ணும் பண்ணல, அதான்" என்றாள் அவள்.

ஆறு எழுத்துகள் போன ஜீன் பாக்டீரியாவுக்குள் ஏறியது. புரதத்தை மணிகள்மேல் ஊற்றிய காலையில் மேகலாவும் அருகில் நின்றாள். இந்த முறை வழிந்து வந்த நீர் கிட்டத்தட்ட வெறுமையாக இருந்தது. புரதம் முழுவதும் மணிகளிலேயே பிடித்து நின்றது. மாலைக்குள் குடல்நீர்ச் சோதனையும் முடிந்தது. தலை நறுக்கப்பட்ட பிறகும் வால் இருந்தது. படத்தில் கறுப்பாக, சந்தேகத்துக்கு இடமில்லாமல், ஒரு கோடு.

நிகத் அந்தப் படத்தைப் பார்த்து இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு திரும்பி, வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வெங்கடம்மாவிடம் ஓடிப்போய் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். வெங்கடம்மாவுக்குப் படத்தில் ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மேகலா படத்தின் அருகிலேயே நின்றாள். பழைய உறுத்தல் மறுபடி கிளம்பியது. இப்போது அது பட்டத்துக்காகவோ பெயருக்காகவோ இல்லை. அந்தக் கை தன்னைத் தேடி வந்திருக்க வேண்டியது என்பதற்காக.

மறுவாரம் நிகத் ஒரு காகிதக் கட்டோடு அவளிடம் வந்தாள். இலையைக் குடைந்து தின்னும் இலைத்துளைப்பான் என்ற இன்னொரு புழுவுக்கான புது ஜீன்.

"இத பாத்துக் குடுங்க மேடம்."

"நான் கையெழுத்துப் போடக் கூடாதுன்னு சார் சொல்லியிருக்காரு."

"கையெழுத்த பெங்களூர்ல போடுவாங்க. நீங்க பாத்தா மட்டும் போதும்."

மேகலா காகிதத்தை வாங்காமல் அவளைப் பார்த்தாள். "என்னைய எப்பிடி நம்புற?"

"நம்பல," என்றாள் நிகத். அதைச் சொல்ல அவளுக்குக் கஷ்டமாக இருந்தது தெரிந்தது. "ஆனா நீங்க பாத்தா தப்பு உங்களுக்குத் தெரியும். அது எனக்கு நிச்சயம். தெரிஞ்சத சொல்லிருங்க. அவ்ளோதான் கேக்கறன்."

"நீ நல்லா வந்தா எனக்கு எரியுது நிகத்," என்றாள் மேகலா. அன்று அறையில் வராத சொல் இப்போது தானாகவே வந்தது. "இப்பவும் எரியுது. நாளைக்கும் எரியும்."

"எரிஞ்சாலும் சொல்லுங்க," என்றாள் நிகத்.

கிருஷ்ணகிரி பஸ் வெளியே ஆரன் அடித்தது. அவள் காகிதங்களை மேசையில் வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். மேகலா விளக்கைப் போட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். முதல் பக்கம் சுத்தமாக இருந்தது. இரண்டாம் பக்கமும். அவளுடைய கண் ஒரு தப்புக்காகப் பசியோடு அலைவது அவளுக்குத் தெரிந்தது. நான்காம் பக்கத்தில், நடுவில், ஒரே ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. ஒன்று விட்டால் அதற்குப் பின்னால் வருவதெல்லாம் தடம் மாறிப் புரதமே உளறலாகிவிடும். அவள் அந்த இடத்தைச் சிவப்பு மையால் வட்டமிட்டாள். கைப்பேசியை எடுத்து நிகத்தைக் கூப்பிட்டாள். பஸ் சூளகிரியைத் தாண்டியிருக்கும். பின்னால் காற்றின் இரைச்சல் கேட்டது.

"நாலாம் பக்கம், ஒம்போதாவது வரி," என்றாள். "ஒரு எழுத்து கொறையுது. எழுதிக்கிட்டியா?"